தொட்டி கழுவும் நாள்

என் முதுகில், இடது தோளுக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. கரும்புக் கழியால் விழுந்த அடி. அடித்தவர் என் கணவரின் அக்கா. அம்மனுக்கு நேர்ந்த குழந்தையை ஆற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுகிறேன், குடும்பத்துக்கே கேடு வரப்போகிறது என்ற பயத்தில் அடித்தார். அவர் நினைத்தது தவறு. ஆனாலும் அந்த அடி எனக்குத் தகாதது என்று சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை.

நான் மலேசியாவில், தம்பினில் பிறந்து வளர்ந்தவள். ஐந்தாம் படிவம்வரை பள்ளிப்படிப்பை முடித்து, தட்டச்சும் படித்தேன். எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டுநருக்கு வாழ்க்கைப்பட்டு லயத்து வீட்டுக்கு வந்தேன். தோட்டத்தின் மேல்பக்கத்து நிலத்தை அதற்கு முன்பே விற்றுவிட்டிருந்தார்கள். ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு அங்கே ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தொழிற்சாலை கட்டியிருந்தது. சிரம்பானுக்கு அருகே சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் அப்போது இடம் கிடைக்காமல் ஆலைகள் இப்படித் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தன. மின்சாதனங்களுக்கான சின்னச் சின்ன உலோகத் துண்டுகளுக்கு முலாம் பூசி, அத்தனையையும் வெளிநாட்டுக்கே ஏற்றுமதி செய்வார்கள். அந்த அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை கிடைத்தது. தோட்டத்தில் அதற்குள் எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: கிராணியம்மா, அதாவது குமாஸ்தா அம்மா. பாதி மரியாதை, பாதி கேலி.

முலாம் பூசுவதற்கு முன் உலோகத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெயை எடுக்க வேண்டும். அதற்குக் காஸ்டிக் சோடா கரைத்த பெரிய தொட்டிகள். மாதத்துக்கு ஒருமுறை, லைன் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில், அந்தத் தொட்டிகளைக் கழுவி ஆற்றில் திறந்துவிடுவார்கள். அந்த ஆறுதான் கீழே எங்கள் தோட்டத்துக்குள் வருகிறது.

இது ஒன்றும் திருட்டுத்தனம் இல்லை. அதுதான் பலருக்குப் புரிவதில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி கட்டும்வரை அளவுக்கு மேல் திறந்துவிடுவதற்குக் கம்பெனியிடம் முறையான அனுமதி இருந்தது. அனுமதி முடியும்போதெல்லாம் மேலும் அவகாசம் கேட்டுக் கடிதம் போகும். அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்தது நான். 'இந்தச் செலவை இப்போது எங்கள்மேல் சுமத்தினால் எங்கள் பொருள் பக்கத்து நாட்டுப் பொருளோடு விலையில் போட்டி போட முடியாது. இத்தனை உள்ளூர்வாசிகளுக்கு வேலை கொடுத்திருக்கிறோம் என்பதைத் தயவுசெய்து கருத்தில் கொள்ளவும்.' இந்த வரிகள் எனக்கு மனப்பாடம். மேனேஜர் எழுதித் தரும் ஆங்கிலத்தில் பிழை இருந்தால் திருத்தியும் கொடுப்பேன். 'உள்ளூர்வாசிகள்' என்று அடிக்கும்போது, அது நான்தானே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

ஒருமுறை சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து ஒரு இளைய அதிகாரி வந்தார். அவரோடு முதலீட்டுத் துறையைச் சேர்ந்த மூத்த அதிகாரி ஒருவரும் வந்தார். நான் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன். இளையவர் ஆலைக் கழிவுநீர் எடுத்த கண்ணாடிப் புட்டிகளை மேசையில் வரிசையாக வைத்திருந்தார். மூத்தவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. 'இவர்களை நாம் அழைத்து வந்திருக்கிறோம். வரி வேண்டாம் என்றோம், நிலம் கொடுத்தோம். இப்போது புட்டியைக் காட்டிப் பயமுறுத்தினால் அடுத்த மாதமே மூட்டை கட்டி வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள். முதலில் நாடு நிற்கட்டும், பிறகு ஆற்றைக் கழுவலாம்' என்றார். இளையவர் புட்டிகளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. அதைத் துடைத்தது நான். மாலைவரை என் விரல் நுனிகள் எரிந்தன. வெறும் சோப்புத் தண்ணீர் பட்டதுபோல வழவழவென்று இருந்து, பிறகு எரிந்தன. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் மகள் பிறந்த பத்தாம் நாள் காய்ச்சல் கண்டு பிழைக்கமாட்டாள் என்ற நிலைக்குப் போனாள். தோட்டத்து மாரியம்மனுக்குக் கரும்புத் தொட்டில் எடுப்பதாக என் கணவர் நேர்ந்துகொண்டார். தொட்டில் எடுப்பதென்றால், திருவிழா நாளில் தாயும் தகப்பனும் மஞ்சள் துணி உடுத்தி, குழந்தையை ஆற்றில் குளிப்பாட்டி, கரும்பைக் கட்டி அதில் சேலைத் தொட்டில் மாட்டி, குழந்தையை உள்ளே போட்டுக் கோயில்வரை சுமப்பது. குழந்தையை முதலில் ஆற்றில் முக்கி எடுப்பது அத்தையின் உரிமை. என் கணவர் கூடவே கன்னம் துளைக்கும் வாயலகும் குத்திக்கொள்வதாக வேண்டியிருந்தார்.

திருவிழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதத்தின் தொட்டி கழுவும் நாளும் அதே ஞாயிறு.

வெளிநாட்டு இன்ஜினியர் மாத அட்டவணையைப் பென்சிலில் எழுதித் தருவார். நான் அதைத் தட்டச்சு செய்து, ஒரு பிரதியை ஆலைக்குள்ளும் ஒன்றை வாசல் காவல் அறையிலும் ஒட்டுவேன். அந்தத் தேதியைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. மேனேஜரிடம் போய், 'அன்றைக்கு எங்கள் ஜனங்கள் ஆற்றில் இறங்குவார்கள், தள்ளி வையுங்கள்' என்று கேட்டிருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. ஒத்துக்கொண்டிருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் கேட்டால், அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அப்படியானால் இத்தனை நாள் அந்தக் கடிதங்களை எப்படி அடித்தாய் என்று அவர் கேட்கமாட்டார். நானே என்னைக் கேட்க வேண்டியிருக்கும். இரண்டு தடவை அவர் அறைக் கதவுவரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை போகாமல் உட்கார்ந்து, ஞாயிறு என்று இருந்த இடத்தில் சனி என்று அடித்தேன். சனிக்கிழமை அரை நாளோடு லைன் நின்றுவிடும். மதியம் திறந்துவிட்டால் ஞாயிறு காலைக்குள் எல்லாம் ஓடிப் போயிருக்கும். ஆறு நிற்காமல் ஓடுவதுதானே என்று கணக்குப் போட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கேட்காமல் மாற்றிய ஒரே சொல் அது.

ஆலை வாசலில் காவல் இருந்தவர் எங்கள் லயத்துக் கடைசி வீட்டுக்காரர். ரப்பர் பால்வெட்டில் இருந்தவர், முழங்கால் போனதால் ஜாகா வேலைக்கு வந்தவர். எல்லாருக்கும் மாமா. ஆற்றுக்குப் போகும் குழாயின் வால்வைத் திறப்பதும் அவர் வேலைதான். வெள்ளிக்கிழமை காகிதத்தை ஒட்டும்போது கேட்டார்.

"என்னம்மா, இந்த மாசம் சனிக்கிழமையா போட்டிருக்கு? எப்பவும் ஞாயித்துக்கிழமைதானே?"

"ஆமா மாமா. அப்படித்தான் எழுதியிருக்கு."

"நல்லதாப் போச்சுலா. ஞாயித்துக்கிழமை காலைல ட்யூட்டி முடிச்சிட்டு நேரா தீமிதிக்கு வந்துருவேன். இல்லாட்டி வால்வைத் தொறந்து வச்சிட்டு இங்கயே கொசுக்கடியில காவ காக்கணும். ஒம் மவ தொட்டில்ல வர்றதப் பாக்கணும்ல?"

நான் சிரித்தேன். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஞாயிறு விடிந்ததும் உறுமி மேளத்தோடு எல்லாரும் ஆற்றுக்குப் போனோம். அந்தத் திருவிழாவில் நான் ஆற்றங்கரைக்குப் போனது அதுதான் முதல் தடவை. போன வருடம் வயிற்றில் பிள்ளை இருந்ததால் கோயிலோடு நிறுத்திவிட்டார்கள். ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் கரை. ஓரத்தில் சில மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. "எவனோ ராத்திரி தூபா வேரைப் போட்டு மீன் பிடிச்சிருக்கான். சாமி நாள்ல கூட அடங்கமாட்டானுங்க" என்று ஒரு கிழவர் திட்டினார். மற்றவர்கள் மீன்களைக் குச்சியால் ஒதுக்கிவிட்டார்கள்.

கரையில் கழுத்துவரை மஞ்சள் பூசிய பெண்களும் மஞ்சள் வேட்டி கட்டிய ஆண்களும் நெருக்கியடித்து நின்றார்கள். பூசாரி சாட்டையைச் சொடுக்கினார். என் கணவர் கண்ணை மூடி நின்றார். கன்னத்தைப் பிடித்து இழுத்து, அலகை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுத்தார்கள். ரத்தம் வரவில்லை. மேளம் காதைக் கிழித்தது. ஒருவர் அருள் வந்து தலையால் தரையை முட்டிக்கொண்டிருந்தார். நான் மகளுக்கு மஞ்சள் பூசி, அண்ணியின் கையில், என் கணவரின் அக்காவின் கையில் கொடுத்தேன். நானேதான் கொடுத்தேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி இறங்கினார்.

அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தேன். இடுப்பளவு நின்றது. மழையே இல்லாத மாதம்.

"இவ்வளவு தண்ணி எப்படி?" என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டேன். அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் என் மகளுக்குப் பால் கொடுத்து, தூங்கவைத்து, பார்த்துக்கொள்பவள். அவளுக்கு ஒரு வயது தாண்டிய மகன். அவனுக்கும் அன்று தொட்டில்.

"தொட்டில் புள்ளைங்கள முக்கணும்னா கால் நனையிற தண்ணியில முடியுமா? நேத்துக் காலையிலயே ஆம்பளைங்க மண்மூட்ட போட்டு அணை கட்டிட்டாங்கலா. வருசா வருசம் கட்டுறதுதான். தெரியாதா கிராணியம்மா? ஃபேக்டரி கணக்கு மட்டும்தான் தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே மகனை இடுப்பில் ஏற்றினாள்.

நேற்றுக் காலை அணை. நேற்று மதியம் வால்வு. ஓடிப் போயிருக்க வேண்டியது அத்தனையும் என் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

முதலில் இறங்கியவர்களின் உடம்பில் மஞ்சள் சிவந்தது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்குமே, அதே சிவப்பு. பெண்களின் கழுத்தில், ஆண்களின் வேட்டியில், கண் முன்னாலேயே ரத்தமாகப் பரவியது. பூசாரி அதைப் பார்த்துக் கத்தினார். "ஆத்தா வந்துட்டா! செந்நிறமா வந்துட்டாடா!" குலவைச் சத்தம் எழுந்தது. மேளம் வெறி பிடித்ததுபோல அடிக்க ஆரம்பித்தது. தயங்கி நின்றவர்களும் முண்டியடித்து இறங்கினார்கள். ஒருவர் தோளைத் தள்ளி ஒருவர், விழுந்தவர் மேல் இன்னொருவர். சுண்ணாம்பு செய்வதைக் காஸ்டிக் சோடாவும் செய்யும் என்று அந்தக் கரையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் "இறங்காதீங்க" என்று கத்தினேனா? கத்தியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல நாள் யோசித்த பிறகு, இல்லை என்று தெரிந்துகொண்டேன். நான் கத்தியது ஒரே சொல்: "அண்ணி!"

அவர் மகளை மூன்றாவது முறை முக்கிக்கொண்டிருந்தார். நான் தண்ணீருக்குள் விழுந்து எழுந்து, குழந்தையைக் காலைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. அவர் கையைக் கடித்துப் பிடுங்கிக்கொண்டு சரிவில் ஏறினேன். குழந்தை வீறிட்ட சத்தம் அதுவரை நான் கேட்டிராத சத்தம். பால் ஸ்டோரில் வாளி கழுவும் குழாய் இருந்தது. அதை முழுக்கத் திறந்து, மகளின் முகத்தை அடியில் பிடித்தேன். ஆலைச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் படம் போட்டிருந்தார்கள்: கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடி, நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இரு, நிறுத்தாதே. அந்தக் காகிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

அண்ணி பின்னாலேயே வந்துவிட்டார். "சாமி புள்ளைய எங்கடி தூக்கிட்டு ஓடுற? ஆத்தா தலைமேல இறங்கி வந்திருக்கா, நீ குழாத்தண்ணியில கழுவுறியா? குடும்பத்தக் கொல்லப் பாக்குறியாடி?" தொட்டில் கட்ட வைத்திருந்த கரும்பு அவர் கையில் இருந்தது. முதல் அடி தோளில். இரண்டாவதில் கழி உடைந்து, உடைந்த முனை கிழித்தது. இன்னும் இரண்டு பெண்கள் வந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். நான் குழாயின் தூணைக் கால்களால் சுற்றிக்கொண்டேன். மகள் மூச்சுத் திணறினாள். அவளைக் காப்பாற்றுகிறேனா, மூழ்கடிக்கிறேனா என்று தெரியாமல், அவள் இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிஞ்சுக் கன்னத்தில் என் நகம் பட்டுக் கீறியது.

அடி திடீரென்று நின்றது. ஆற்றிலிருந்து வந்த சத்தம் மாறியிருந்தது. குலவை அலறலாகியிருந்தது. அண்ணி கரும்பைப் போட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். தோல் வெந்து வழுவழுத்தது. "எரியுதே… ஐயோ, எரியுதே…" என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே குழாய்க்கடியில் கையை நீட்டினார். ஆற்றிலிருந்து வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சேலைகளைக் கிழித்தெறிந்தார்கள். சிலர் எரிகிற இடத்தில் விபூதியை அள்ளிப் பூசினார்கள். கண் எரிச்சலுக்கு நல்லதென்று பூசைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் மகனின் கண்ணில் பிழிந்ததை நான் பார்த்தேன். என் குழாயிலிருந்து பத்தடி தூரம். அப்போதாவது கூப்பிட்டிருக்கலாம். ஒரே குழாய். என் மகளை எடுத்தால்தான் இன்னொரு குழந்தையை வைக்க முடியும். நிறுத்தாதே என்றிருந்தது காகிதத்தில். நான் நிறுத்தவில்லை.

என் கணவர் வாயலகை ஒரே இழுப்பில் பிடுங்கினார். இந்தத் தடவை ரத்தம் கொட்டியது. தோட்டத்து லாரியைக் கொண்டுவந்து, குழந்தைகளோடு எங்களைப் பின்னால் ஏற்றினார். ஆண்கள் கையில் கிடைத்ததோடு தொற்றி ஏறினார்கள்: கரும்பு, விறகுக்கட்டை, புல் வெட்டும் கத்தி. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் ஆலை வாசல். அங்கே வந்ததும் அவர் லாரியை நிறுத்திவிட்டார்.

மாமா நெற்றி நிறைய விபூதியோடு வாசலைத் திறந்து சிரித்துக்கொண்டே வந்தார். "என்னடா, அதுக்குள்ள குளிச்சி முடிச்சாச்சா? மருமவ எங்க—"

கட்டை அவர் வாயில் விழுந்தது. அவர் சுருண்டதும் மிதித்தார்கள். கெட்ட முழங்காலைத் தேடி மிதித்தார்கள். என் கணவர் அவர் கையை முதுகுப் பக்கம் முறுக்கினார். அது முறிந்த சத்தம் லாரியில் இருந்த எனக்குக் கேட்டது. "நீதானடா தொறந்த? சொந்த சனத்துக்கே வெஷத்தத் தொறந்துவிட்டியேடா!" அலகு பிடுங்கிய வாயில் ரத்தத்தோடு கத்தியதால் என் கணவரின் பேச்சே பாதி புரியவில்லை.

"பேப்பர்ல இருந்துச்சுடா… சனிக்கெழமன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சுடா…"

"எந்தப் பேப்பர்டா? எவன்டா எழுதினான்?"

லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்து நின்றேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைச் சுற்றிக் குழந்தைகள் கண்களைத் தேய்த்து அலறின. மாமா தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்தார். நான் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் அவரை விட்டிருப்பார்கள். என்னை என்ன செய்திருப்பார்கள் என்று தெரியாது. "என்னங்க, வாங்க! புள்ளைங்க கண்ணு போயிரும், வாங்க!" என்று கத்தினேன். அது உண்மைதான். அதைச் சொன்னதால்தான் அவர்கள் விட்டுவிட்டு ஏறினார்கள். ஆனால் மற்றதைச் சொல்லாமல் இருப்பதற்கும் அந்தக் கூச்சல் எனக்குத் தோதாக இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, தண்ணீரில் என்ன இருந்தது என்று. ஆலைக்குப் போன் செய்தார்கள். வெறும் கழுவிய தண்ணீர் என்று பதில் வந்தது. நான் டாக்டரின் கையைப் பிடித்து, "காஸ்டிக் சோடா. அதை வாங்க ஆர்டர் தட்டச்சு செய்வது நான்" என்றேன். அதற்குப் பிறகுதான் எல்லாக் குழந்தைகளின் கண்களையும் மருந்துத் தண்ணீர் விட்டு மணிக்கணக்கில் கழுவினார்கள். என் மகளின் கண்களுக்குக் கட்டுப் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் பக்கத்து வீட்டுக்காரியின் மகன். அவள் கைகள் முழங்கைவரை கட்டுக்குள் இருந்தன.

என் கணவரையும் இன்னும் சிலரையும் போலீஸ் பிடித்துக்கொண்டுபோனது. மாமா ஆண்கள் வார்டில் தாடை கட்டப்பட்டுக் கிடந்தார். அடித்தது யார் என்று போலீஸ் கேட்டதற்கு, வெயிலில் கண் கூசியது, எவனையும் தெரியவில்லை என்று ஜாடையில் சொன்னாராம். ஒரு வாரத்தில் எல்லாரையும் விட்டுவிட்டார்கள். நான் அவரைப் பார்க்கப் போய், கால்மாட்டில் நின்று, "மாமா, நான்தான் மாத்தினேன்" என்றேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

புட்டிகளோடு வந்த அந்த இளைய அதிகாரி வார்டுக்கு வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. கடிதங்கள், அனுமதி, தொட்டி கழுவும் நாள், ஞாயிறைச் சனியாக்கியது, எல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தவர் கடைசியில் பேனாவை மூடினார். "அந்தத் தேதி விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே" என்றார் மெதுவாக. ஏன் என்று பிறகு புரிந்தது. கம்பெனியின் விளக்கம் ஒரு பக்கம்தான் இருந்தது. திறந்துவிட்ட நீர் அனுமதிக்கு உட்பட்டது, அனுமதியற்றது தேதி மட்டுமே, அது ஒரு குமாஸ்தாவின் பிழை, அவரை நீக்கிவிட்டோம். ஆற்றில் அணை கட்டியது தோட்டத்து ஜனங்கள். கேட்டவர்களுக்கு அதில் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. சுத்திகரிக்கும் தொட்டி கட்ட மேலும் அவகாசம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை யார் தட்டச்சு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னது சரியா, என் மனப்பாரத்தை இறக்க அதைச் சொன்னேனா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

மகளின் கண்கட்டை அவிழ்க்கும் காலையில் டாக்டர் சுற்றிலும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "உடனே குழாயில் கழுவியிருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு கண்ணும் தப்பித்தன. வெளிச்சம் பார்க்கிறாள்." பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனுக்கு முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். வலது கண் பிழைத்தது. இடது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. திரும்பாது.

டாக்டர் போனதும் பையனின் தாய் கேட்டாள். "குழாயில கழுவணும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஃபேக்டரி சுவத்துல எழுதி ஒட்டியிருக்கு."

"அப்ப அது என்ன தண்ணின்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"எப்போ?"

"அணை கட்டினாங்கன்னு நீ சொன்னப்ப."

"அப்ப ஒம் பக்கத்துலதானே நின்னேன். புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு."

"ஆமா."

"ஏய், போகாதன்னு ஒரு வார்த்த. கையப் புடிச்சி இழுத்திருந்தாக்கூட போதுமே. தினமும் ஒம் மவளுக்கு நான்தானே சோறு ஊட்டினேன்?"

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். தேதியை மாற்றியதையும் சொன்னேன். நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால், காலையில் குளித்து முடித்த பிறகுதான் அந்தத் தண்ணீர் வந்திருக்கும் என்பதையும் சொன்னேன். பிற்பகலில்தான் திறப்பார்கள் என்று அட்டவணையிலேயே இருந்தது. தேதியைப் பார்த்துப் பயந்த நான் நேரத்தைப் பார்க்கவே இல்லை. மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்தான் அது நினைவுக்கு வந்தது.

அவள் கட்டுப் போட்ட கையால் மேசையிலிருந்த எவர்சில்வர் கூஜாவை எடுத்து என் முகத்தில் அடித்தாள். உதடு கிழிந்தது. மறுபடி அடித்தாள். மூக்கில் பட்டது. கட்டைப் பிளந்துகொண்டு அவள் கையிலிருந்தும் ரத்தம் வந்தது. தாதிகள் ஓடிவந்து பிடிக்கும்வரை அடித்தாள். நான் நகரவில்லை. பிடித்த பிறகும் அவள் திமிறவில்லை. மூச்சு வாங்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒம் மவளுக்கு ரெண்டு கண்ணும் தெரியுதா?"

"தெரியுதுன்னு சொன்னாங்க."

"காட்டு."

தாதி வேண்டாம் என்றாள். நான் மகளைத் தூக்கி அவள் முன்னால் பிடித்தேன். அவள் தன் கட்டுக்கு வெளியே தெரிந்த ஒரு விரலை மகளின் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, இடது பக்கம் நகர்த்தினாள். சிவந்து வீங்கிய கண்கள் அதோடு நகர்ந்தன. வலது பக்கம் நகர்த்தினாள். அங்கேயும் வந்தன. பிறகு மகள் விரலை விட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். ஆளை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள். இரண்டு கையையும் நீட்டி, என்னிடமிருந்து நழுவி, தூக்கச் சொல்லி அவள் பக்கம் தாவினாள்.

அவள் தூக்கவில்லை. திரும்பிப் போய் மகனின் கட்டிலில் உட்கார்ந்தாள். என் மகள், நீட்டிய கையை மடக்காமலே, அழ ஆரம்பித்தாள். என்ன செய்தும் அன்று மகளின் அழுகையை நிறுத்த முடியவில்லை.